ஆன்டி-டிபிஓ அதிகம், வைட்டமின் டி குறைவு: இரண்டுக்கும் என்ன தொடர்பு?

முழு உடல் பரிசோதனை செய்துகொண்டவர்களின் ரிப்போர்ட்டில் இப்போதெல்லாம் அடிக்கடி தென்படும் மூன்று வரிகள் இவை. டி.எஸ்.எச். 7.2, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடியைக் காட்டும் ஆன்டி-டிபிஓ 410, அதற்கும் மேல்நோக்கி அம்பு. இரண்டு பக்கம் தள்ளி வைட்டமின் டி 13, இதற்கு மட்டும் அம்பு கீழே பார்க்கிறது. மூன்றையும் சேர்த்துப் படிப்பவருக்கு இரண்டு கேள்விகள் வரும். வைட்டமின் டி குறைந்ததால்தான் தைராய்டு கெட்டதா? அப்படியானால் வைட்டமினை ஏற்றிவிட்டால் தைராய்டு சரியாகிவிடுமா?

இணையத்தில் தேடினால் இரண்டுக்கும் "ஆமாம்" என்று அடித்துச் சொல்லும் வீடியோக்கள் வரிசை கட்டி வரும். மருத்துவரிடம் கேட்டால், "அது வேற, இது வேற" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் உண்டு. இரண்டு பதில்களுமே கொஞ்சம் அவசரப்பட்டவை. அடிப்படையிலிருந்து வருவோம்.

தைராய்டைத் தாக்குவது யார்?

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி வடிவில் இருக்கிறது தைராய்டு சுரப்பி. உணவிலிருந்து வரும் அயோடினைப் பிடித்து தைராக்ஸின் ஹார்மோனைச் செய்வது அதன் வேலை. ஹார்மோன் குறைந்தால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற உத்தரவை அதிகமாக அனுப்பும். அதனால்தான் தைராய்டு மந்தமானால் டி.எஸ்.எச். ஏறுகிறது.

சுரப்பி மந்தமாவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது, நம் உடலின் எதிர்ப்பு அணுக்களே சுரப்பியை அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்குவது. இதைத்தான் தன்னுடல் தாக்குநோய் என்கிறோம். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912இல் நான்கு பெண்களிடமிருந்து அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட தைராய்டுத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தார். சுரப்பிக்குள் இருக்கவே கூடாத நிணநீர் அணுக்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் அந்த அணுக்கள் அங்கே என்ன செய்கின்றன என்பது 1956 வரை யாருக்கும் பிடிபடவில்லை. அந்த ஆண்டில்தான் லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் குழுவினர், ஹஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் அவர்களுடைய தைராய்டுப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) இருப்பதைக் காட்டினார்கள்.

இதே குடும்பத்தில் எதிர்த்திசை நோய் ஒன்றும் உண்டு. கிரேவ்ஸ் நோயில் ஆன்டிபாடி சுரப்பியை அழிப்பதில்லை, டி.எஸ்.எச். போல வேஷம் போட்டு, ஓயாமல் வேலை வாங்குகிறது. விளைவு, ஹார்மோன் வெள்ளம்.

ஆன்டி-டிபிஓ விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பின்னால் வரும் ஆய்வுகளைப் புரிந்துகொள்ள அது அவசியம். டிபிஓ என்பது அயோடினை ஹார்மோனில் கோக்கும் நொதி. அதற்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால் சண்டை நடக்கிறது என்று அர்த்தம். ஆனால் அடிப்பது பெரும்பாலும் டி-அணுக்கள் (T cells) எனும் எதிர்ப்பு அணுக்கள்; இந்த 'டி'க்கும் வைட்டமின் டி-க்கும் சம்பந்தமில்லை. தாயின் ரத்தத்தில் ஆன்டி-டிபிஓ எக்கச்சக்கமாக இருந்து, அது தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போனாலும், குழந்தையின் தைராய்டு பொதுவாகச் சேதமடைவதில்லை. கிரேவ்ஸ் ஆன்டிபாடி அப்படிப் போனால் குழந்தைக்கும் தைராய்டு அதிகச் சுரப்பு வரக்கூடும். ஆக, ஆன்டி-டிபிஓ என்பது நோயின் அடையாளம். அந்த எண் பாதியாகக் குறைந்தால் நோயும் பாதியாகிவிட்டது என்று கணக்குப் போட முடியாது.

வைட்டமின் என்ற பெயரில் ஒரு ஹார்மோன்

வைட்டமின் டி-யை நாம் சாப்பாட்டிலிருந்து பெறுவது குறைவு. தோலில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்புப் பொருள்மீது சூரியனின் புற ஊதா-பி கதிர் பட்டால் அது டி3 ஆக மாறுகிறது. கல்லீரல் அதை 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆக்கிச் சேமிப்பு நிலையில் வைக்கிறது. லேபில் அளப்பது இதைத்தான். பிறகு சிறுநீரகம் அதிலிருந்து தேவைக்கேற்ப கால்சிட்ரியால் என்ற வேலை செய்யும் வடிவத்தைத் தயாரிக்கிறது. குடலில் கால்சியத்தை உறிஞ்ச வைப்பது கால்சிட்ரியால்தான்.

இதற்கும் எதிர்ப்பு சக்திக்கும் என்ன சம்பந்தம்? டி-அணு, பி-அணு, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்று எதிர்ப்பு மண்டலத்தின் பல அணுக்களுக்குள் வைட்டமின் டி-க்கான ஏற்பி இருக்கிறது. அது மட்டுமில்லை, மேக்ரோஃபேஜ்கள் சிறுநீரகத்தை எதிர்பார்க்காமல் தாங்களே கால்சிட்ரியால் தயாரித்துக்கொள்ளும். இது ஏட்டளவுச் செய்தி என்று நினைக்க வேண்டாம். சார்கோய்டோசிஸ் என்ற நோயில் மேக்ரோஃபேஜ்கள் திரண்டு கட்டுப்பாடில்லாமல் கால்சிட்ரியாலை உற்பத்தி செய்வதால் நோயாளியின் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறுவதை மருத்துவர்கள் நேரிலேயே பார்க்கிறார்கள்.

ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த அணுக்களில் கால்சிட்ரியாலைச் சேர்த்தால், வீக்கத்தை (அழற்சியை) தூண்டும் அணுக்கள் அடங்குகின்றன. சண்டையைத் தணிக்கும் ஒழுங்குபடுத்தும் டி-அணுக்கள் கூடுகின்றன. தன்னுடல் தாக்குநோயில் கெட்டுப்போவது இந்தச் சமநிலைதான். எனவே "டி குறைந்தால் எதிர்ப்பு மண்டலத்தின் கடிவாளம் தளரும்" என்ற ஊகத்துக்கு உயிரியல் அடிப்படை இருக்கிறது. ஆனால் தட்டில் ஊற்றும் கால்சிட்ரியாலின் செறிவு, ரத்தத்தில் இயல்பாக இருப்பதைவிடப் பல நேரம் மிக அதிகம். தட்டில் நடப்பது உடலிலும் அப்படியே நடக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

ஆட்களை எண்ணிப் பார்த்தால்

2011இல் வெளியான ஓர் ஆய்வு இந்த விவாதத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. தன்னுடல் தாக்குத் தைராய்டு நோய் உள்ளவர்களில் 72 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி (ஒரு மில்லி லிட்டர் ரத்தத்துக்கு) 10 நானோகிராமுக்கும் கீழே இருந்தது. ஆரோக்கியமானவர்களில் அது 30.6 சதவீதம்தான். இதன் பிறகு பல நாடுகளில் செய்த ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், பொதுவாக ஹஷிமோட்டோ நோயாளிகளுக்கு வைட்டமின் டி குறைவு என்ற முடிவுக்கே வந்தார்கள்.

இந்தியாவில் கதை வேறு மாதிரி. டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், பணியாளர்கள் என 642 பேரைப் பரிசோதித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 87 சதவீதம் பேருக்கு டி அளவு 10 நானோகிராமோ அதற்கும் கீழேயோதான். ஆன்டி-டிபிஓ இருந்ததோ 21 சதவீதம் பேருக்கு. இரண்டுக்கும் இடையே ஒரு தொடர்பு தெரிந்தது. ஆனால் மிக மிக மெலிந்த தொடர்பு. இதைக் கொஞ்சம் யோசியுங்கள். டி குறைவுதான் நோயைக் கொண்டுவருகிறது என்றால், 87 சதவீதம் பேருக்குக் குறைவு இருந்த இடத்தில் நான்கில் மூன்று பேருக்கு மேல் ஆன்டிபாடியே இல்லாமல் எப்படித் தப்பித்தார்கள்?

இதிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. ஓர் ஊரில் நூற்றுக்கு 70 பேருக்கு டி குறைவு என்று வைத்துக்கொள்வோம். அங்கே தைராய்டு நோயாளிகள் பத்துப் பேரைப் பிடித்துச் சோதித்தால், எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் ஏழு பேரின் ரிப்போர்ட்டில் கீழ்நோக்கிய அம்பு இருக்கும். முதல் பத்தியில் பார்த்த அந்த ரிப்போர்ட் நம் ஊரில் இத்தனை பேரிடம் இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

எது முதலில் வந்தது என்று அறிய, நோய் வருவதற்கு முன்பிருந்தே ஆட்களைத் தொடர வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் அப்படி ஒரு குழு இருந்தது. தைராய்டு தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களின் ரத்த உறவுப் பெண்கள், அதாவது நோய் வர வாய்ப்பு அதிகமுள்ளவர்கள். பின்னாளில் யாருக்கு ஆன்டிபாடி தோன்றியதோ, அவர்களுடைய பழைய ரத்த மாதிரிகளில் டி அளவு குறைவாக இருந்ததா என்று பார்த்தார்கள். இல்லை. 2012இல் வெளிவந்த இந்த முடிவு, "டி குறைவு நோயைத் தொடங்கி வைக்கிறது" என்ற வாதத்துக்கு விழுந்த பலத்த அடி.

அப்படியானால் ஏன் சேர்ந்தே வருகின்றன?

காரணம், விளைவு என்ற நேர்கோடு இல்லாமலேயே இரண்டு விஷயங்கள் கூட்டுச் சேர வழிகள் உண்டு.

1. நோய் முதலில், குறைவு பின்னால். உடலில் வீக்கம் இருக்கும்போது ரத்தத்தில் 25-ஹைட்ராக்ஸி டி அளவு தானாகவே இறங்கும். அப்போது குறைவு என்பது நோயின் விளைவு.

2. நடுவில் மூன்றாவது ஆள். தைராய்டு மந்தமானவர்களுக்கு அசதி, உடல்வலி, எடை கூடுதல் எல்லாம் வரும். வெளியே நடமாட்டம் குறையும். எடை கூடினால் வைட்டமின் டி கொழுப்பில் போய்ப் பதுங்கிவிடும். ரத்தத்தில் குறைவாகத் தெரியும்.

3. பரம்பரை. வைட்டமின் டி ஏற்பி மரபணுவின் சில வகைகளுக்கும் இந்த நோய்களுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஓர் இனத்தாரில் தெரிந்தது இன்னோர் இனத்தாரில் தெரிவதில்லை. இப்போதைக்கு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

4. குறைவு நோயைத் தொடங்காமல், தொடங்கிய நோயைத் தூண்டிவிடுவது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வு இந்த வாய்ப்பை மறுக்கவில்லை. மிச்சமிருக்கும் நம்பிக்கையெல்லாம் இங்கேதான். இதைச் சோதிக்க ஒரே வழி, மாத்திரை கொடுத்துப் பார்ப்பது.

மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள்

இந்தியாவில் 102 நோயாளிகளிடம் நடந்து 2016இல் வெளியான சோதனையில், ஒரு பிரிவுக்கு வாரம் 60,000 யூனிட் வைட்டமின் டி-யும் கால்சியமும் எட்டு வாரம் கொடுத்தார்கள். மறு பிரிவுக்குக் கால்சியம் மட்டும். ஆன்டி-டிபிஓ முதல் பிரிவில் சுமார் 47 சதவீதம் குறைந்தது; மறு பிரிவில் சுமார் 17 சதவீதம். வீடியோக்களில் "பாதியாகக் குறையும்" என்று சொல்வதெல்லாம் இதைப் போன்ற ஆய்வுகளை வைத்துத்தான்.

சரி, இதில் கவனிக்க வேண்டியது என்ன? யாருக்கு எந்த மாத்திரை என்பது மறைக்கப்படவில்லை. எட்டு வாரம் என்பது ஆண்டுக்கணக்கில் ஓடும் நோய்க்கு ஒரு கண் சிமிட்டல். வைட்டமின் டி எடுக்காத பிரிவிலும் எண் 17 சதவீதம் தானாக இறங்கியிருக்கிறது என்றால், இந்த எண் இயல்பாகவே ஏறி இறங்கும் தன்மை கொண்டது என்று தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்கியது அடையாளம். தைராக்ஸின் மாத்திரையின் தேவை குறைந்ததா, சுரப்பி அழிவது நின்றதா என்பதுதான் நோயாளிக்கு வேண்டிய பதில். எட்டு வாரத்தில் அது கிடைக்காது.

கிரேவ்ஸ் நோயில் நீண்டகாலச் சோதனை ஒன்று டென்மார்க்கில் நடந்தது. வழக்கமான மருந்தோடு தினமும் 2,800 யூனிட் வைட்டமின் டி ஒரு பிரிவுக்கு, போலி மாத்திரை மறு பிரிவுக்கு. 2023இல் முடிவு வந்தது: சிகிச்சையின் பலன் கூடவில்லை.

நோயே இல்லாதவர்களுக்குத் தடுப்பாகக் கொடுத்தால்? இதற்குப் பதில் சொல்ல முயன்றது அமெரிக்காவின் வைட்டல் சோதனை. 25,871 பேர். ஆண்கள் 50 வயதுக்கும் பெண்கள் 55 வயதுக்கும் மேல். பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் டி3. ஐந்து ஆண்டுகளுக்கும் சற்று அதிகமான காலத்தில் டி எடுத்தவர்களில் 123 பேருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 155 பேருக்கும் ஏதோ ஒரு தன்னுடல் தாக்குநோய் வந்தது. 22 சதவீதக் குறைவு என்று 2022இல் செய்திகள் பரபரத்தன. ஆயிரம் பேருக்கு 12 என்றிருந்தது ஒன்பதரையாகக் குறைந்தது என்று படித்தால் அதே முடிவு வேறு மாதிரி ஒலிக்கும். மேலும் இது முடக்குவாதம், சொரியாசிஸ், தைராய்டு என எல்லாவற்றையும் கூட்டிய கணக்கு. தைராய்டுக்கு மட்டும் 22 சதவீதப் பாதுகாப்பு என்று இதைக் காட்டி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொன்று, இவர்களின் சராசரி டி அளவு தொடக்கத்திலேயே 30 நானோகிராமை ஒட்டி இருந்தது. 8, 10 என்று இருக்கும் முப்பது வயதுப் பெண்ணுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதற்கு வைட்டல் பதில் சொல்லாது.

20ஆ, 30ஆ?

"குறைவு" என்ற சொல்லே எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. 2011இல் அமெரிக்க மருத்துவக் கழகம், எலும்புக்கு 20 நானோகிராம் போதும் என்றது. அதே ஆண்டில் அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கம் 30 வேண்டும் என்றது. பெரும்பாலான லேப் ரிப்போர்ட்டுகள் 30-ஐயே எல்லைக்கோடாகப் போட்டுக்கொண்டன. 24 என்ற அளவு இருந்தவர் ஒரு கணக்கில் ஆரோக்கியமானவர், மறு கணக்கில் நோயாளி. 2024இல் அதே சங்கம் 30 என்ற இலக்கை இனி ஆதரிக்கவில்லை என்று கைவிட்டது; ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக டி பரிசோதனை செய்ய வேண்டாம் என்றும் சொன்னது. நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் அந்த 30 இன்னும் இருக்கிறது; அம்புக்குறியும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

வெயில் ஊரில் இந்தக் குறைவு எப்படி?

திருப்பதியில் செய்த ஆய்வு ஒன்று, தோலில் டி உருவாவது காலை 11 மணி முதல் 2 மணி வரைதான் உச்சத்தில் இருக்கும் என்று காட்டியது. சென்னையும் ஏறக்குறைய அதே அட்சரேகைதான். காலை ஆறரை மணி நடைப்பயிற்சி வெயில் இதமானது, உடம்புக்கு நல்லதும்கூட. ஆனால் வைட்டமின் டி-க்கு அதனால் பெரிய லாபம் இல்லை. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமே டி நேரம். நம்மில் பலரும் வீட்டுக்குள்ளோ ஆபீஸுக்குள்ளோ ஓடிவிடும் நேரமும் அதுவே. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் உதவாது, புற ஊதா-பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கருத்த தோலுக்கு அதே அளவு டி தயாரிக்க அதிக நேரம் வேண்டும்.

ரிப்போர்ட் கையில் இருப்பவருக்கு

1. டி 10, 12 என்று இருந்தால் ஈடுகட்டத்தான் வேண்டும், எலும்புக்காகவும் தசைக்காகவும். அதற்குத் தைராய்டைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. கிரேவ்ஸ் நோயாளிகளுக்கு இது இன்னும் முக்கியம்; அதிக ஹார்மோன் எலும்பைக் கரைக்கும்.

2. டி ஏறிவிட்டது என்று தைராக்ஸினை நிறுத்தக் கூடாது. சுரப்பி இழந்த வேலையை வைட்டமின் செய்யாது.

3. ஆன்டி-டிபிஓ மட்டும் அதிகம், டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது என்றால் பதற வேண்டாம். இங்கிலாந்தின் விக்ஹாம் பகுதி மக்களை 20 ஆண்டுகள் தொடர்ந்ததில், ஆன்டிபாடி மட்டும் இருந்த பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் பேரே தைராய்டு மந்த நிலைக்குப் போனார்கள். ஆன்டிபாடி, டி.எஸ்.எச். இரண்டுமே கூடியிருந்தவர்களில் அது 4.3 சதவீதம். செய்ய வேண்டியது, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் டி.எஸ்.எச். பார்ப்பது. ஆன்டி-டிபிஓ-வை மாதாமாதம் அளப்பது பணத்துக்குக் கேடு.

4. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்வது, எட்டு வாரம் முடிந்தும் மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருப்பது, இரண்டும் ஆபத்து. ரத்தத்தில் கால்சியம் ஏறினால் தாகம், மலச்சிக்கல், வாந்தி, குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை போகும். ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்ததில், கீழே விழுவதும் எலும்பு முறிவதும் குறைவதற்குப் பதில் கூடின.

5. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதை லேபில் சொல்ல வேண்டும். அதிக டோஸ் பயோட்டின் சில கருவிகளில் டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும், வைட்டமின் டி-யைப் பொய்யாகக் கூட்டியும் காட்டிவிடும்.

மாத்திரை டப்பாவுக்குள் ஒரு மோதல்

வைட்டமின் டி-க்கும் தைராய்டுக்கும் இடையே யாரும் மறுக்காத காரண-விளைவுத் தொடர்பு ஒன்று இருக்கிறது. அது எதிர்ப்பு மண்டலத்தில் நடப்பதில்லை, வயிற்றில் நடக்கிறது.

நம் ஊரில் வைட்டமின் டி பல நேரம் தனியாக வராது. கால்சியம் கார்பனேட்டோடு சேர்த்த ஒரே மாத்திரையாக வரும். கால்சியம் தைராக்ஸினைப் பிடித்துக்கொண்டு, குடல் அதை உறிஞ்ச விடாமல் செய்துவிடும். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, மறந்துபோகும் என்று கூடவே கால்சியம்-டி3 மாத்திரை என ஒரே வாய் தண்ணீரில் விழுங்குபவருக்கு மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். ஏறியிருக்கும். டி சரியாகிவிட்டது, தைராய்டு மட்டும் மோசமாகிறதே என்று அவர் குழம்புவார். மருத்துவரும் விவரம் தெரியாமல் தைராக்ஸின் டோஸைக் கூட்டுவார். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். எழுந்ததும் தைராக்ஸின், அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி, மதியச் சாப்பாட்டோடு கால்சியம்-டி3 என்று மாற்றிக்கொண்டு, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்த பிறகே டோஸை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும்.